தோன்றா எழுவாய்

ஒரு நோட்டை வாசித்ததில் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் சாலையை ஒட்டிய கிராமத்தில், என் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடு அது. அந்த வீட்டில் பதினொரு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். மூளை முடக்குவாதம். சாய்த்து உட்கார வைத்தால் சிறிது நேரம் உட்காருவாள், வாயில் சொல் வராது, ஆனால் தெருவில் போகிறவர்களைச் செருப்புச் சத்தத்திலேயே அடையாளம் கண்டு சிரிப்பாள். ஒரு பள்ளியின் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பில் அவள் பெயர் இருக்கிறது. அவள் வீட்டில் இருக்கிறாள். அரசு மொழியில் இதற்கு வீட்டுவழிக் கல்வி என்று பெயர்.

சிறப்புப் பயிற்றுநர் வந்துபோகும் நாளில் எழுதிவைக்கும் நோட்டைக் குழந்தையின் தாய் என்னிடம் கொடுத்தாள். "அக்கா, இதுல இன்னா எழுதிக்கீறாங்கன்னு படிச்சு சொல்லுங்க." அவள் படிக்காதவள் அல்ல. நகரிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள், பத்தாம் வகுப்பு வரை தெலுங்கில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துதான் தெரியாது. இரண்டு வருடமாக அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவருகிறாள், தெலுங்கில்.

படித்தேன். 'கை, கால் அசைவுப் பயிற்சி அளிக்கப்பட்டது. வண்ணங்கள் அடையாளம் காட்டப்பட்டது. தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது. மீதிப் பயிற்சியைத் தொடர அறிவுறுத்தப்பட்டது.' தேதி மாறுகிறது, வண்ணத்துக்குப் பதில் பழங்கள் வருகின்றன, கடைசி வரி மட்டும் மாறவே இல்லை. இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிற கை, 'காட்டப்பட்டன' என்று திருத்தப் போனது. பிறகுதான் அந்த வரிகளில் யாருமே இல்லை என்பது உறைத்தது. யார் அளித்தார், யார் தொடர வேண்டும்? செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். அலுவலகத் தமிழுக்கு அந்த வினை அவ்வளவு பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான். தொடர வேண்டியவளோ தோன்றா எழுவாய். 'நாளை வா' என்றால் வர வேண்டியவர் 'நீ' என்று முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறோம். எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுவதில்லை.

பயிற்றுநரைக் குறை சொல்லவில்லை. அவரும் ஒரு பெண், ஒப்பந்த ஊழியர். ஊர் ஊராகப் பேருந்து மாறி வந்து, அடுத்த பேருந்துக்குள் எழுதி முடிக்க வேண்டியவர். அவர் எழுதும் மொழி மேலிருந்து வருகிறது. எனவே மேலே உள்ள பிரதியை வாசித்துப் பார்க்கலாம். நாம் கவிதையையும் நாவலையும் பெண்ணிய நோக்கில் வாசித்த அளவுக்குச் சட்டத்தை வாசித்ததில்லை. நம் வீடுகளை அதிகமாக எழுதிக்கொண்டிருப்பது அதுதான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 8ஆம் பிரிவு அரசின் கடமையையும் 9ஆம் பிரிவு உள்ளாட்சியின் கடமையையும் சொல்கின்றன. உள்ளாட்சி என்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, இவற்றோடு பள்ளிகளின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் பிற அமைப்புகளும். 9ஆம் பிரிவின் வினைகள் தெளிவானவை: ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசத் தொடக்கக் கல்வி தர வேண்டும், தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், சேர்க்கையையும் வருகையையும் முடிப்பதையும் கண்காணிக்க வேண்டும், இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்துச் செங்கல் சூளைகளையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையையும் பார்த்தவர்களுக்குக் கடைசிக் கடமையின் கனம் தெரியும். இத்தனை வினைகளுக்கும் எழுவாய் ஒன்றே: உள்ளாட்சி.

2012இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் 3ஆம் பிரிவின் அடியில் ஒரு வரியைச் சேர்த்தது. பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் 'இருக்கலாம்' என்பது அதன் சாரம். உரிமை இருக்கலாம்! இருக்கிறது என்று சொல்லக்கூட அந்த வரிக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுவழிக் கல்வி என்றால் என்ன, யார் நடத்துவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என எதற்கும் அங்கே விளக்கம் இல்லை. தேர்ந்துகொள்வது குழந்தை என்கிறது இலக்கணம். நடைமுறையில் தேர்ந்துகொள்வது, "இங்க யார்மா பாத்துக்கிறது, வீட்லயே வச்சுக்கங்க, டீச்சர் வருவாங்க" என்று சொல்லும் குரல். பள்ளி கைகழுவ இந்த வரி உதவும் என்று ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடியவர்கள் அப்போதே எச்சரித்தார்கள்.

கணக்கு எளிது. அதே சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்கிறது. வீட்டுக்கு வரும் பயிற்றுநர் வாரம் தவறாமல் வந்து ஒன்றரை மணி நேரம் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். 40 வாரத்துக்கு 60 மணி நேரம். மீதி 740 மணி நேரம்தான் 'தொடர அறிவுறுத்தப்பட்டது.' 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். இந்த 299இன் மேல்தான் 740 மணி நேரம் ஏறி உட்காருகிறது. அது கற்பிக்கும் வேலை, இயன்முறைப் பயிற்சி வேலை, தூக்கி இறக்கும் வேலை. பள்ளியில் செய்தால் இவற்றுக்குச் சம்பளம் உண்டு.

'வீடு' என்ற சொல்லுக்கு அரசுத் திட்டங்களில் ஒரு தனிப்பொருள் இருக்கிறது: கூலி கேட்காத பெண் இருக்குமிடம். பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய், அதற்குப் பெயர் ஊக்கத்தொகை. அங்கே அதுவாவது உண்டு. வீட்டுவழிக் கல்வியில் அறிவுரை மட்டும்தான். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பல வீடுகளில் அரிசிக்கு அதுதான், ஒப்புக்கொள்கிறேன். அது குழந்தையின் உயிர்வாழ்வுக்கான பணம். அதைக் காட்டித் தாயின் உழைப்புக்கு விலை கொடுத்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

என் வீட்டுக்கு வருகிறேன். என் தம்பி 1984இல் பிறந்தான். அவனுக்கும் மூளை முடக்குவாதம்தான். அப்பா தறி ஓட்டினார், அம்மா தார் சுற்றினாள். ஆறு வயதில் அவனை ஒற்றையாளாகத் தூக்க அம்மாவால் முடியாமல் போனது. அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு அக்கா பள்ளிக்குப் போகவில்லை. யாரும் அவளைப் போகாதே என்று சொன்னதாக நினைவில்லை. யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா கெட்டவர் அல்ல, தறியை நிறுத்த முடியாது என்றார். ராட்டையையும் நிறுத்த முடியாது. படிப்பை நிறுத்தலாம் என்று எல்லோரும் எண்ணினோம். அந்த 'எல்லோரும்' என்பதில் பத்து வயது நானும் இருந்தேன். அக்காவின் சீருடைப் பாவாடையை அடுத்த வருடம் மடித்துத் தைத்து எனக்குக் கொடுத்தார்கள்.

1996 பிப்ரவரியில் ஊனமுற்றோருக்கான முதல் பெரிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது வரை ஒவ்வொரு ஊனமுற்ற குழந்தைக்கும் ஏற்ற சூழலில் இலவசக் கல்வி கிடைக்கச் செய்வது அரசுகளின், உள்ளாட்சிகளின் கடமை என்றது அதன் 26ஆம் பிரிவு. தம்பிக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வரவில்லை. அவன் பத்தொன்பது வயதில் இறந்தான். எங்கள் இருவரையும் தவிர அவனுக்குக் கதை சொன்னவர் கிடையாது. அவனுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

அவன் போன பிறகு நான் ஒரு கவிதை எழுதினேன். என் முதல் தொகுப்பில் அதிகம் பேசப்பட்டது அதுதான், ஒரு கல்லூரியில் பாடமாகவும் இருந்தது. அம்மாவின் மடியைத் தம்பியின் பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தேன். மேடையில் வாசித்தால் கூட்டம் கண் கலங்கும். புத்தகம் வந்ததும் அக்காவிடம் கொடுத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். "நல்லாதான் எழுதிக்கீற. இதுல நான் எங்கடி?" என்றாள்.

பல வருடம் அந்தக் கேள்வியை அக்காவின் வருத்தம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். நோட்டை வாசித்த அன்றுதான் அது விமர்சனம் என்று விளங்கியது. என் கவிதையும் 2012இன் திருத்தமும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. சட்டம் பள்ளியை மடிக்கு அனுப்புகிறது, நான் மடியையே பள்ளி என்று பாடி அதற்குப் பூ வைத்தேன். தாய் தியாகம் செய்தாள் என்று எழுதியதுமே ஊராட்சியோ அரசோ என்ன செய்தது என்ற கேள்விக்குக் கவிதையில் இடமில்லாமல் போய்விட்டது. தாய்க்கு அடுத்து நின்று தூக்கியவளுக்கும் இடமில்லை. தமிழில் தாய்மையைப் போற்றும் கவிதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குறை உண்டு. என்னுடையதிலிருந்தே தொடங்குவது நியாயம் என்பதால் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்கவில்லை.

இந்தியாவில் இந்தக் குழந்தைகளுக்கான முன்னோடிப் பள்ளிகள் சிலவற்றைத் தொடங்கியவர்கள் தாய்மார்களே. மகள் மாலினி சிப்புக்காகத் தேடத் தொடங்கிய மிது அலுர் 1972இல் மும்பையில் அமைப்பை உருவாக்கினார். சென்னையில் இன்று வித்யா சாகர் என்று அறியப்படும் நிறுவனத்தை 1985இல் பூனம் நடராஜன் தொடங்கினார். அவரும் அப்படிப்பட்ட குழந்தையின் தாய். அவர்கள் செய்தது பெரிது. எனக்கு உறுத்துவது வேறு: அரசு செய்யாததைப் படிப்பும் தொடர்பும் உள்ள தாய் நிறுவனமாக்கினாள், ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்த தாய் தன் மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். இரண்டுமே ஒரே வெற்றிடத்தில் நடந்தவை.

பள்ளிக்கு அனுப்பாத தாயைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோட்டுக்காரியிடம் கேட்டேன், பள்ளியில் சாய்தளம் இருக்கிறதே, சக்கர நாற்காலியும் கொடுத்திருக்கிறார்களே, ஏன் அனுப்புவதில்லை என்று. குரலைத் தாழ்த்தினாள். "பெரிய மனுஷி ஆற வயசுக்கா. துணி யாரு மாத்துவாங்க? யாரு தொடுறாங்கன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா?" 2018இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமிக்கு நேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததை அவள் மறக்கவில்லை. அது பள்ளியில் நடந்ததல்ல, அந்தச் சிறுமி குடியிருந்த அடுக்ககத்துக்குள்ளேயே நடந்தது என்று நான் சொன்னேன். வீடும் பாதுகாப்பில்லை என்று தெரிந்துகொள்வதால் அவளுக்கு என்ன பயன் என்று பிறகு தோன்றியது. ஒரு பெண் உதவியாளர் இருந்தால் அனுப்புவாயா என்றேன். "இருந்தா அனுப்ப மாட்டேனா?" ஆக, சட்டம் சொல்லும் 'தேர்வு' இதுதான். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட இந்தியக் கல்வி அறிக்கையும் ஊனமுள்ள குழந்தைகளில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் குறைவாகவே பள்ளிக்குப் போகிறார்கள் என்றது. இதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வைத்திருக்கும் மருந்து, ஊனமுள்ள மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய், பத்து மாதத்துக்கு.

'திட்டம்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடமை சட்டத்தில் உள்ளாட்சிக்கு இருக்கிறது. அதைச் செய்யும் ஆளும் பணமும் திட்டத்தில் இருக்கின்றன. சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள் எல்லாம் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கிடும் அந்தத் திட்டத்தின் தொகுப்பூதியக்காரர்கள். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, மும்மொழிக் கொள்கையும் பிஎம் ஸ்ரீ பள்ளிகளும் காரணமாக, ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தில்லியில் இப்படி ஒரு பிடிவாதம் நடந்தால் பள்ளிப்பட்டில் சாய்நாற்காலியில் இருக்கும் ஒரு பிள்ளையின் ஒன்றரை மணி நேரம் ஆட்டம் காண்கிறது. கடமைக்கு உரியவர் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் நேரில் போய்க் கேட்டிருக்கலாம்.

எங்கள் ஊர்ப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருக்கும். ஆசிரியர் நியமனமும் சம்பளமும் கல்வித் துறையிடம். பலகையில் ஊராட்சி, அவ்வளவுதான். அரசமைப்பின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் பள்ளிக் கல்வியும் உண்டு, ஊனமுற்றோர் நலமும் உண்டு. ஆனால் அதிகாரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டார்கள். கேரளம் கொஞ்சம் கொடுத்தது. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்கானூர் ஊராட்சியில் தொடங்கி, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான 'பட்ஸ்' பள்ளிகளை அங்கே உள்ளாட்சிகள் நடத்துகின்றன, குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பின் துணையோடு. குறைகள் இல்லாமலிருக்காது. ஆனால் பள்ளி நடக்கவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அங்கே ஒரு தாய்க்குத் தெரியும்.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் 61ஆம் பிரிவு இதே விஷயத்தைப் பேசுகிறது. பள்ளியில் கற்பிப்பது அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்று உள்ளாட்சி தீர்மானித்தால், பள்ளிக்கு வெளியே அதற்கான கல்வியை உள்ளாட்சியே ஏற்பாடு செய்யலாம். குழந்தையின் கல்வித் திட்டத்தில் எழுதிவிட்டால் அதைச் செய்து தருவது கடமை. பெற்றோர் தாமாக விரும்பி வீட்டில் கற்பிப்பது வேறு பேச்சு, அதற்கு வேறு சட்டத்தில் வேறு பிரிவு. அங்கும் தாய்மார்கள் தீர்ப்பாயங்களுக்கு அலைகிறார்கள், சொர்க்கம் ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வாக்கிய அமைப்பை மட்டும்தான். வீட்டில் உள்ளாட்சி கற்பிப்பதும் வீட்டில் தாய் கற்பிப்பதும் வேறு வேறு என்று அந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது. நம்முடைய 'வீட்டுவழிக் கல்வி' இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதைத் தணிக்கை செய்து தரம் வகுக்கப்போவதாகச் சொன்னது. மறுமூச்சில் பெற்றோருக்குத் தொழில்நுட்பம் வழியாகப் பயிற்சி என்றது. இனி அறிவுரை கைபேசியிலும் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை பள்ளிப்பட்டு ஆந்திரத்தில் இருந்தது. எல்லை மாறியதே தவிர வீட்டு மொழி மாறவில்லை. அந்தக் குழந்தை கேட்டு வளர்ந்தது தெலுங்கு. 'சிவப்பு எது' என்று தமிழில் கேட்டு, அவள் காட்டவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கிறது. "எர்ரதி ஏதி?" என்று தாய் கேட்டாள். கண் தாவணிமேல் போய் நின்றது. எழுதப்பட்ட குறைபாடுகளில் எத்தனை குழந்தையுடையவை, எத்தனை எல்லைக்கோட்டுடையவை?

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு எழுதினோம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டம் 2025இல் வந்திருக்கிறது, இனியாவது இந்தப் பேச்சு சபைக்குள் வரட்டும் என்று நான்தான் தூண்டினேன். முதல் வரைவில் 'வீட்டுவழிக் கல்வி முறையாக வழங்கப்பட வேண்டும்' என்று எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "யாரு வழங்கணும்?" என்றாள். நான் தமிழில் முனைவர். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஊராட்சி தன் எல்லையில் பள்ளிக்கு வராத குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒன்றியத்திடம் கேட்டு வாரத்தில் மூன்று நாளாவது, தெலுங்கு தெரிந்த பயிற்றுநரை வரச்செய்ய வேண்டும். பள்ளியில் ஒரு பெண் உதவியாளரை அமர்த்த வேண்டும். அவர் வந்த நாளிலிருந்து குழந்தை பள்ளிக்கு வருவாள். அவள் கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.

சபைக்கு அவள் வர வேண்டுமென்றால் குழந்தையோடு யாராவது இருக்க வேண்டும். புருஷனுக்கு அன்று விடுமுறை, ஆனால் காலையிலேயே எங்கோ போய்விட்டார். எங்கள் அக்கா வந்து உட்கார்ந்தாள். சபையில் குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. வாங்கிக்கொண்டவர் தீர்மானப் புத்தகத்தில் 'மனு பெறப்பட்டது' என்று எழுதினார். யார் பெற்றது என்றும் எழுதுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே பதவியையும் தேதியையும் சேர்த்து எழுதினார்.

திரும்பி வந்தபோது குழந்தை சாப்பிட்டு முடித்துத் தூங்கியிருந்தாள். அக்கா ராகிக் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த சபை எப்போது என்று கேட்டாள். நவம்பர் 1 என்றேன்.

"அன்னிக்கு எனக்கு வேல கீது. லீவு போட்டுட்டு நீ வந்து பாத்துக்க" என்றாள்.